மேசை விரிப்புக்கு அடியில்

டென்மார்க்கின் மேற்குக் கடற்கரையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். அங்கே மணல்மேடுகளுக்கு நடுவே வரிசையாக மர வீடுகள் இருக்கும். சொமர்ஹூஸ் என்பார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தங்குவார்கள். சனிக்கிழமை காலை ஒரு குடும்பம் கிளம்பும், மதியத்துக்கு மேல் அடுத்த குடும்பம் வரும். நடுவில் உள்ள நேரத்தில் வீட்டைப் பார்த்துச் சரிசெய்வது என் வேலை. கதவு திறந்திருந்தது. உள்ளே தலை நரைத்த ஒருவர் கழிவறைத் தரையில் மண்டி போட்டுப் பீங்கானின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரிய மனிதர், என் வேலையைச் செய்கிறாரே என்று பதறிப்போய், எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில், "லா வேர! லா வேர!" என்றேன். விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் திடுக்கிட்டு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறொரு புட்டியை எடுத்து ஊற்றி, முதலிலிருந்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

என் மேற்பார்வையாளர் கிர்ஸ்டன் அதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சொன்னது, அட்டகாசம் செய்யும் குழந்தையை "டேய், நிறுத்துடா" என்று அதட்டுவதுபோலவாம். அந்த மனிதர் ஒரு பல் மருத்துவர் என்று பிறகு தெரிந்தது. வாடகையும் கொடுத்துவிட்டு வீட்டையும் கழுவிக் கொடுப்பானேன் என்று ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அடுத்து வருகிறவர் முகம் தெரியாதவர். அதனால்தான்," என்றார் கிர்ஸ்டன். அடுப்புக்குள் கருகியதைச் சுரண்டுவதிலிருந்து குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடியை எடுப்பது வரை, கிளம்புகிறவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு தாளில் அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும். ஏதாவது உடைந்தால் சொல்லிவிட்டுப் போகவும் என்பது கடைசி வரி. சொல்லிவிட்டும் போவார்கள். ஒருமுறை ஒரு கோப்பைத் துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து, "இது எங்கள் கை தவறியது" என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவரிடம் காட்டினேன். இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்களே என்று இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

ஊரில் யாருக்கும் நான் இந்த வேலை செய்வது தெரியாது. என் கணவருக்குக் காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் வேலை. நான் பி.காம். படித்தவள். அந்தப் படிப்புக்கு இங்கே மரியாதை இல்லை, பாஷையும் வரவில்லை, கிடைத்தது இதுதான். எங்கள் ஊரில், மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசத்தில் இருக்கும் அக்கா போனில் கேட்டபோது, "டூரிஸ்ட் ஆபீஸ்ல வேலைக்கா," என்று சொல்லிவிட்டேன். அக்கா அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். பிறகு திருத்த முடியவில்லை.

2005 டிசம்பரில் பிள்ளைகளோடு ஊருக்குப் போனோம். அக்கா வீட்டுக் கழிவறை பிள்ளைகளுக்குப் பழக்கப்படாது என்று, என் கணவர் மரக்காணம் பக்கம் கடலோரமாக ஒரு வீட்டைப் பத்து நாளைக்கு வாடகைக்குப் பிடித்தார். சென்னைக்காரர் ஒருவருடையது. முந்தின வருஷம் அலை வந்து இடித்துப்போட்ட சுற்றுச்சுவரைப் புதிதாகக் கட்டி, உள்ளே எல்லாம் மாற்றியிருந்தார். கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சாப்பாட்டு மேசை. "சொந்த ஊருக்கு வந்து வாடகை வூட்ல தங்கிறியாடி?" என்று அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். ஆனாலும் தினம் யாரையாவது அழைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்த வீட்டைக் கூட்டித் துடைக்க அஞ்சலை என்று ஒரு பெண் வருவாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவள். புருஷன் உப்பு மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். மழைக்காலத்தில் பாத்திகளெல்லாம் தண்ணீரில் முழுகிக் கிடக்கும், அளத்தில் வேலை இருக்காது. இந்த வீட்டு வேலை கிடைத்ததிலிருந்து அந்த மூன்று மாதத்தைப் பற்றிய பயம் இல்லை என்று அவளே சொன்னாள். முதல் நாள் அவள் அடுக்களையில் இருந்தபோது, கூடத்தில் கிடந்த துடைப்பானை எடுத்து நான் வாளியில் அலசிப் பிழிந்தேன். கை தானாகச் செய்தது. அஞ்சலை வந்து வாங்கிக்கொண்டாள். "குடுங்கம்மா, நீங்க ஏன்?" பின்னாலேயே வந்த அக்கா, "ஆள் இருக்குல்ல? ஆபீஸ்ல உக்காந்து வேலை செய்றவ, உனக்கு எதுக்குடி இதெல்லாம்," என்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பத்து நாளும் எழுந்திருக்கவில்லை. படுக்கை மேல் மணல், ஈரத் துண்டுகள் தரையில், பிள்ளைகள் தின்று போட்ட பழத்தோல் ஜன்னலில். எந்தச் சனிக்கிழமை பார்த்தாலும் வயிறு எரியக்கூடிய அத்தனையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அங்கேயே சாப்பாடு. நண்டுக் குழம்பு. கொதிக்கக் கொதிக்கச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அவசரத்தில் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். டிக்கென்று ஒரு சத்தம். சட்டியின் அடியிலிருந்து ஓரம் வரை ஒரு கீறல் ஓடியது. எல்லாரும் வெளியே கடலைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் மடித்து வைத்திருந்த பூப்போட்ட விரிப்பை எடுத்து மேசைமேல் விரித்தேன். அதன்மேல் இலைகளைப் போட்டேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை நண்டு ஓடுகள் தொட்டியிலேயே கிடக்க, பெட்டிகளைக் கட்டினோம். அஞ்சலை வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து கூட்டத் தொடங்கினாள். நாங்கள் கிளம்பும்போது பெட்டிகளைக் காரில் தூக்கி வைத்தாள். பிறகு என் பக்கத்துக் கதவுக்கு அருகில் வந்து நின்றாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று தோன்றியது. "அடுத்த தபா வந்தாலும் இங்கயே வாங்கம்மா," என்றாள். வருகிறேன் என்றேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் அக்கா போனில் ஏதேதோ பேசிவிட்டு, நடுவில் சொன்னாள். "அந்த வூட்ல கூட்டுனாளே அஞ்சலை, அவள நிறுத்திட்டாங்களாம். கண்ணாடி மேசைய ஒடச்சிட்டு, விரிப்பப் போட்டு மூடி வெச்சிருந்தாளாம். எவ்ளோ நெஞ்சழுத்தம் பாரு." ஆமாக்கா என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

மூன்று வாரம் சும்மா இருந்தேன். வேலைக்குப் போகும் வீடுகளில் மேசை விரிப்பைத் தூக்காமல் மேலாகத் துடைத்துவிட்டு வந்தேன். கடைசியில் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, உடைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"அட, அந்தக் கண்ணாடியா? இதுக்குப் போயி அவ்ளோ தூரத்திலேந்து போன் பண்றீங்களா மேடம்? வெளிநாட்ல இருக்கிறவங்க நேர்மையே தனி."

"அஞ்சலைய மறுபடி வேலைக்கு எடுத்துக்கணும் சார். அவ தன் மேல தப்பில்லன்னு சொல்லியிருப்பாளே?"

"எல்லாரும் அதத்தானே மேடம் சொல்லுவாங்க. இப்ப வேற ஆள் போட்டாச்சு. நல்லாதான் செய்யுது."

அவள் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தாள். நான் அதே உண்மையை மூன்று வாரம் கழித்துச் சொல்லி நேர்மையானவள் என்று பெயர் வாங்கினேன்.

ஆனி மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் மட்டும் தனியாகப் போனேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், யாரிடமும் சொல்லாமல் காலையில் பஸ் ஏறி உப்பளத்துக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள்ளேயே கண் கூசியது. வரப்பு மேல் பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அஞ்சலை குவியலில் உப்பைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்தாள்.

"அந்த மேசைய ஒடச்சது நான்தான் அஞ்சலை," என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"தெரியும்மா. நீங்க கெளம்புற அன்னிக்கே தெரியும். தொடைக்கலாம்னு விரிப்பத் தூக்கனேன். பாத்துட்டு அப்படியே போட்டுட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். கார் கெளம்புற வரைக்கும் பக்கத்துல நின்னனே."

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "அந்த வூட்டு வாட்ச்மேன் சொன்னாரு. பொய்க்காரிங்கிற பேரு போச்சு, அது வரைக்கும் நல்லது. வேலைதான் இங்க இருக்குதே. மழைக்குத்தான் என்னா பண்றதுன்னு பாக்கணும்," என்றாள். பிறகு, "நீங்க அங்க என்னா வேலைம்மா செய்றீங்க?" என்று கேட்டாள்.

"நீ செஞ்ச வேலைதான். ஆளுங்க தங்கிட்டுப் போன வூட்டக் கூட்டித் தொடைக்கிறது." தமிழில் அதை நான் சொல்வது அதுதான் முதல் தடவை.

"மொத நாளு அந்தத் தொடப்பானப் புழிஞ்சீங்களே, அப்பவே நெனச்சேன். தெரியாதவங்க பண்ணா ஒண்ணு. உங்களுக்குத் தெரியும்லம்மா, ஏதாவது ஒடஞ்சா பழி யாரு மேல வுழும்னு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பாத்திக்குத் திரும்பிப் போய்க் கூடையை நிரப்பினாள். நானும் பின்னாலேயே போனேன். "ஒரு கை புடிங்க," என்றாள். பிடித்துத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்தாள். கூடையிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் என் முழங்கை வரை வழிந்து, பஸ்ஸில் போகும்போது காய்ந்து வெள்ளையாகப் பூத்தது.

டென்மார்க்குக்குத் திரும்பும் நாள் காலையில், அக்கா வீட்டில் நான் தங்கியிருந்த அறையில் பாயைச் சுருட்டி, போர்வையை மடித்து, துடைப்பத்தை எடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

"உன்ன யாரு கூட்டச் சொன்னா?"

"என் வேலையே இதான்க்கா," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ் இல்லை என்பதை, மேசையை, அஞ்சலையை. அக்கா உள்ளே வந்து என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

"எந்த வேலையா இருந்தா என்னாடி. ஊருக்குப் போற அன்னிக்கு வூட்டக் கூட்டுவாங்களா? இனிமே வரவே மாட்டேன்னு போறவதான் கூட்டுவா."

"அங்கல்லாம் கூட்டாம போனா மரியாதை இல்லக்கா."

"இது அங்க இல்ல."

வெளியே கார் வந்து நின்றது. அக்கா துடைப்பத்தோடு பின்கட்டுக்குப் போய்விட்டாள். அறையில் ஒரு பாதி சுத்தமாக இருந்தது. மறு பாதியில் கல்யாண வீட்டு அரிசியும் பூச்சருகும் இறைந்து கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் நான் கூட்டிச் சேர்த்த குப்பை சின்னக் குவியலாக இருந்தது. அள்ளிப் போட்டால் வராதவளாகப் போகிறேன். விட்டுவிட்டால், யாரோ அள்ளட்டும் என்று போகிறேன். டிரைவர் இரண்டாம் முறை ஹாரன் அடித்தார். பெட்டியைக் கையில் பிடித்தபடி, அந்தக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.