மெதுவாகப் பேசுங்கள், மேடம்

பிரான்ஸிலிருந்து போன் செய்யும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெங்களூரில் எனக்கு வேலை. பிரெஞ்சு படித்துப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணியிருந்தேன். ஆனால் பரீட்சையில் பேசிய பிரெஞ்சுக்காரர்கள் யாருக்கும் அவசரமில்லை. போனில் வருகிறவர்கள் எல்லோருக்கும் அவசரம்.

அதனால் "தயவுசெய்து கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா?" என்பதை மட்டும் பிரெஞ்சில் உருப்போட்டேன். வேலைக்குப் போகும் ரயிலிலும் அதே முணுமுணுப்பு, ஸ்கெலட்டன் என்கிற எங்கள் குடியிருப்பில், வீட்டு அடுப்படியிலும் அதே. "இன்னா, யாருக்கு சாபம் உடுற?" என்று கேட்டார் என் கணவர்.

பழகியதுதான் வினையாயிற்று. புக்கிங்கில் ஏதோ கோளாறு என்று வாரா வாரம் அழைப்பார் ஒரு ஹோட்டல்கார அம்மாள். அவரிடம் அந்த வாக்கியத்தை உச்சரிப்பு பிசகாமல், ஒரே மூச்சில் சொன்னேன். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவளுக்கு மெதுவாக எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டு முன்னைவிட வேகமாக ஆரம்பித்தார். அடுத்த முறை வேண்டுமென்றே திக்கித் திணறிக் கேட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டு, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் பேசினார். இரண்டு வாக்கியம்தான். பிறகு பழையபடி ஓட்டம்.

ஒருநாள் என் ஊர் எதுவென்று விசாரித்தார். தங்க வயல் என்றேன். அவ்வளவுதான், கேள்விகளாகக் கொட்டினார். பாதிகூடப் புரியவில்லை; அந்த உற்சாகத்தை நிறுத்த மனம் வராமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன்.

மறுவாரம் மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தங்கம் தோண்டுகிறோமாம், நான் பொழுது போகாமல் வேலைக்கு வருகிறேனாம். அந்த அம்மாள் அவரிடம் சொன்னாராம்.

வீட்டில் சொன்னதும் கணவர் என் கழுத்துச் செயினைப் பார்த்தார். "ஓனரம்மா, நாளைக்கு நானும் லீவு போட்டுடவா?" என்றார்.

அடுத்த அழைப்பில் விளக்கினேன். சுரங்கம் மூடிப் பல வருஷமாயிற்று, அங்கே ஷிஃப்டுக்கு இறங்கியவர்களின் பிள்ளைகள் நாங்கள், இப்போது ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறோம் என்று சொல் சொல்லாகத் தேடிச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.  

பிறகு நிதானமாகக் கேட்டார்: "அந்த ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா?"

ரயில் புறப்படும் மாரிக்குப்பத்திலேயே ஏறினால் கிடைக்கும் என்றேன்.

அன்று புக்கிங் கோளாறைச் சொல்லவே மறந்துபோனார். மறுநாள் ஞாபகம் வந்து அழைத்தார், அதே பழைய வேகத்தில்.