கம்பளிக் கோட்டில் பூஞ்சணம்

கனடாவுக்குப் போன மகன் அலமாரியில் விட்டுச்சென்ற கம்பளிக் கோட்டில், ஐப்பசி மழைக்குப் பூஞ்சணம் பூத்துவிட்டது. வாசலில் வைத்து உலர்ந்த பிரஷால் தட்டினேன். அடுத்து, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காயப்போட வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது. முறையெல்லாம் எனக்கு அத்துப்படி, கேட்கத்தான் ஆளில்லை.

அந்த வாடை என்னை ஏழு வயதுக்குத் தள்ளியது. லண்டனில் வேலை பார்த்த மாமா, அத்தையை அழைத்துப் போக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய கோட்டில் பூஞ்சணத்தைக் கண்ட அத்தை, அதை நெல் அவிக்கும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள். பூஞ்சணம் போய்விட்டது. கோட்டும் பாதியாகச் சுருங்கிவிட்டது.

மாமா கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே அதை எனக்கு மாட்டிவிட்டார்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குல்ல? இவளைக் கூட்டிட்டுப் போனா என்னையும் அவிச்சுடுவா, மச்சான்."

"சரியாச் சொன்னீங்க மாப்பிள்ளை" என்று அப்பாவும் சிரித்தார்.

"இனிமே கத்துக்கிறேங்க" என்றாள் அத்தை.

மாமா தனியாகத்தான் விமானம் ஏறினார். பிறகு வரவேயில்லை.

நல்ல கம்பளியை வீணாக்கக் கூடாதென்று, மார்கழி முழுக்க என்னை அந்தக் கோட்டோடுதான் பள்ளிக்கு அனுப்பினார்கள். தினமும் காலையில் எனக்குப் பித்தான் போட்டுவிடும் வேலையை அத்தைக்குக் கொடுத்திருந்தார்கள்.