ஞாயிறானால் படுத்துவிடும் பேட்டரி

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது என்று சொல்வதைவிட, ஒரு காரோடு நாங்கள் குடியிருந்தோம் என்று சொல்வதுதான் பொருத்தம். யாரோ ஓட்டி அலுத்துப்போன வெள்ளைக் கார். குவார்ட்டர்ஸ் வாசலில் அதற்கென்று அப்பா தகரக் கொட்டகை போட்டிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்ற முடியும். அப்பா ஷிஃப்டுக்கு ஸ்கூட்டரில் போவார். பெட்ரோல் விலையைச் சொல்லி அம்மாவையும் என்னையும் கடைத்தெருவுக்கு நடக்கவைப்பார். கார் ஞாயிறு காலைப் பூசைக்கு மட்டும். நடந்தே போய்விடக்கூடிய மாதா கோயிலுக்கு நாங்கள் காரில் போய் இறங்குவோம்.

நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் உடுத்திக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். இந்த முறை அந்தச் சத்தமும் வரவில்லை.

அப்பா மின்நிலையத்தில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்தார். பாதி நாட்டுக்கு வெளிச்சம் போவதே தன் கையால்தான் என்பது போல அவர் பேசுவார். எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலி அண்ணாச்சி பல் துலக்கியபடியே வந்து, "என்ன வே, ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கீரு, ஒம்ம வண்டிக்கு இல்லியா?" என்று கேட்டார். பிளாக்கில் இருந்த நாலைந்து பேர் சேர்ந்து முனை வரைக்கும் தள்ளினார்கள். கார் அசைந்து கொடுத்ததே தவிர கிளம்பவில்லை. நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ராணி மாதிரி தள்ளப்பட்டதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

அன்று மாலை அப்பா பேட்டரியைக் கழற்றி, பழைய டிரான்ஸ்ஃபார்மரை வைத்துத் தானே செய்திருந்த சார்ஜரில் மாட்டினார். விடியும் வரைக்கும் அது ம்ம்ம் என்று முனகிக்கொண்டு கிடந்தது. காலையில் வண்டியில் பொருத்திச் சாவியைத் திருப்பியதும் கார் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. அடுத்த ஞாயிறு மறுபடி டிக். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான்.

எங்கள் பிளாக்கில் இது பெரிய ஆராய்ச்சியாகிவிட்டது. வண்டி ஓடாமல் நின்றால் பேட்டரி சோம்பேறியாகிவிடும் என்றார் அண்ணாச்சி. கண்பட்டுவிட்டது என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே. பானட்டின் மேல் படுத்துத் தூங்கும் பூனைமீது எனக்குச் சந்தேகம். அதை ஒரு வாரம் விரட்டிப் பார்த்தேன், பலனில்லை. அப்பா மட்டும் மெக்கானிக்கிடம் காட்டாமல், "எங்கயோ லீக்கேஜ் இருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே என்று அவர் தேடவில்லை. ஒரு சின்ன ரேடியோ கரகரத்தால்கூட அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சோறு தண்ணீர் மறக்கிற மனிதர் அவர். எனக்கு அது விநோதமாக இருந்தது.

பள்ளியில் அறிவியல் டீச்சர் பேட்டரிக்குள் திராவகமும் தண்ணீரும் இருக்கின்றன, தண்ணீர் வற்றினால் பேட்டரி கெட்டுவிடும் என்று ஒருநாள் சொன்னார். போதாதா? அந்தப் புதன்கிழமை அப்பா மதிய ஷிஃப்டுக்குப் போயிருந்தார். பள்ளிவிட்டு வந்ததும் நான் காருக்குள் நுழைந்து, அப்பா இழுக்கிற அந்தப் பிடியை இழுத்து, பானட்டைத் தலையால் முட்டித் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் வற்றியிருக்கவில்லை. பேட்டரியே அங்கே இல்லை. இரண்டு ஒயர்கள் வெறும் தட்டின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன.

திருடன் என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அம்மா கரண்டியோடு வந்து என் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாத. அத்தைதான் எடுத்துட்டுப் போயிருக்கா."

அத்தை என்றால் என் மாமாவின் மனைவி, அம்மாவுக்குத் தம்பி பெண்டாட்டி. அவர்கள் முந்திரிக்காட்டுப் பக்கம் முத்தாண்டிக்குப்பத்தில் இருந்தார்கள். மாமாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அத்தை திங்களும் சனியும் பஸ்ஸில் வந்து எங்கள் பிளாக்குகளில் முருங்கைக்கீரையும் பச்சைப்பயறும் விற்பார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாலும் மாமா வருவதில்லை. அதற்குக் காரணம், நான் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. பந்தியில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருந்தவர்களிடம் அப்பா, "இவனை நாந்தான் சொல்லி வேலையில சேத்துவிட்டேன்" என்று சொன்னார். ஒருமுறை சொல்லியிருந்தால் மாமா பொறுத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ. அப்பா அடுத்த வரிசையிலும் போய்ச் சொன்னார். மாமா இலையை மூடினார், எழுந்தார், போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வாசலை அவர் மிதிக்கவில்லை. அப்பாவும் போய்க் கூப்பிடவில்லை. பாயசம் பரிமாறுவதற்கு முன்பே மாமா எழுந்துவிட்டாரே என்பதுதான் அன்றைக்கு என் வருத்தம்.

மாமாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், அந்த வருடம் பன்னிரண்டாவது. ஊரெல்லாம் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. டவுன்ஷிப்பில் இருந்த எங்களுக்கு மின்வெட்டு என்றால் டிவி செய்தியில் வருகிற சொல். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாமா வீட்டில் இருட்டினால் இருட்டுத்தான். அரையாண்டுத் தேர்வில் அக்கா கணக்கில் தவறிவிட்டாள். பொதுப் பரீட்சையிலும் அப்படியே ஆனால் கல்யாணம் செய்துவைத்துவிட மாமா நினைத்திருந்தார். அவளுக்கோ நர்ஸிங் படிக்க வேண்டும்.

ஆகவே திங்கட்கிழமை அத்தையின் கூடையிலிருந்து கீரை இறங்கும், பேட்டரி ஏறும். அதன் மேல் ஒரு பழைய துண்டு. மாமா வீட்டில் ஒரு பழைய ஆட்டோவின் பல்பை அதில் இணைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை, கீரைக்கு அடியில் செத்த பேட்டரி திரும்பி வரும். அம்மா ஸ்பேனரால் அதைப் பொருத்திவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஞாயிறு மாலை அப்பா சார்ஜ் ஏற்றுவார். திங்கட்கிழமை அத்தை வருவார்.

பண்ருட்டியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தது என்று மாமாவிடம் சொல்லிவைத்திருந்தார் அத்தை. "தெரிஞ்சிதுன்னா பேட்டரியோட சேத்து என்னையும் வூட்ட வுட்டு வெளிய வெச்சிடுவாரு" என்று சிரித்தார்.

அப்பாவிடம் கேட்டே கொடுக்கலாமே என்றேன் அம்மாவிடம்.

"கேட்டா குடுக்கத்தான் செய்வாரு. குடுத்துட்டு நாலு பேருகிட்ட சொல்லுவாரு" என்றாள் அம்மா. அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று மாதாவின் மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒரு ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிவது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மாசி மாதம் அப்பா பழைய பேட்டரியைக் கடையில் போட்டுவிட்டுப் புதியது ஒன்று வாங்கி வந்தார். அது காருக்கான பேட்டரியே இல்லை, வேனுக்குப் போடுவது. தட்டில் உட்காராததால் தகரத்தை வெட்டி, வளைத்து, ஒரு மதியம் முழுவதும் அதோடு மல்லுக்கட்டினார். டெர்மினலில் ஸ்பேனர் வேண்டாத, விரலாலேயே திருகக்கூடிய காது வைத்த நட்டுகளைப் போட்டார். கடைசியாக, பேட்டரியைச் சுற்றிக் கயிறு கட்டித் தூக்குவதற்குப் பிடி ஒன்றும் செய்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றுக்கும் ஏன் ஏன் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"கோயிலுக்குப் போக இவ்வளவு பெரிய பேட்டரி எதுக்குப்பா?"

"சின்னதுன்னா கணக்குப்படி வியாழக்கிழமையே அணைஞ்சிடும். வாரம் முழுக்க எரிய வேணாமா?"

"என்ன எரியணும்?"

அப்பா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு சமையலறை ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நின்னுடும்" என்றார் மெதுவாக.

முதல் வாரமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தான் முறுக்கிய நட்டு எது, அம்மா முறுக்கிய நட்டு எது என்று ஒரு எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாதா? திங்களும் சனியும் வந்துபோவது யார், யார் வீட்டில் விளக்கில்லை என்பதும் தெரியாதா? ஆனால் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அண்ணாச்சி ஞாயிறுதோறும் புதுப்புதுக் கேலியோடு வந்து நிற்பார். அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "லீக்கேஜ்" என்பார். தான் வாங்கிய குக்கரைப் பற்றிக்கூட ஒரு வாரம் பேசுகிற என் அப்பா, கையாலாகாதவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு பேசாமல் காரைத் தள்ளினார்.

புது பேட்டரியைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுசனுக்கு அறிவிருக்கா? இதை எப்படி அவ தூக்குவா?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். என்னால் அங்கேயும் பேச முடியாது, இங்கேயும் பேச முடியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதன் பொருள் எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது. அத்தை அந்தத் திங்கட்கிழமை கூடையைத் தூக்கிப் பார்த்து, "என்னாம்மா இந்தக் கனம் கனக்குது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பேட்டரி உரசிய இடத்தில் அவருடைய புடவை சின்னச் சின்னப் பொத்தலாக இற்றுப்போயிருந்தது. இனிமேல் பஸ் நிறுத்தத்துக்கு மாமாவைச் சைக்கிளோடு வரச்சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

அந்தச் சனிக்கிழமை பேட்டரி திரும்பி வந்தபோது டெர்மினல்கள் சுத்தமாகத் துடைக்கப்பட்டு, கிரீஸ் தடவப்பட்டிருந்தது. கயிற்றுப் பிடியும் வேறாக இருந்தது. ஞாயிறு மாலை சார்ஜ் போடும்போது அப்பா அந்த முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார்.

"அத்தை கட்டினதாப்பா?" என்றேன்.

"இல்ல. இது முந்திரி மூட்டைக்குப் போடுற முடிச்சு. உங்க மாமன் போட்டது."

வாடகைக் கடைக்காரன் யாரென்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டதா என்று நான் கேட்டேன். அப்பா பேட்டரிக்கு மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு, விசில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமை அங்கிருந்து ஒரு முடிச்சு வரும். அப்பா அதை அவிழ்த்துத் தன் முடிச்சைப் போட்டு அனுப்புவார். இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் அக்காவின் பரீட்சை நடந்தது. கணக்குப் பரீட்சையன்று அம்மா ஒரு வேளை உபவாசம் இருந்தாள். அப்பாவும் அன்றைக்குப் பசியில்லை என்று தட்டை நகர்த்திவிட்டார். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் அத்தை வந்து, எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாளாம் என்று சொல்லிவிட்டுப் பேட்டரியை இறக்கினார்.

"அவரே பண்ருட்டிக்கு எடுத்துகினு போயி, காசு குடுத்து சார்ஜ் ஏத்தி எடுத்தாந்தாரு. கடைக்காரங்களுக்கு வாங்குன மாதிரியே திருப்பித் தரணுமாம்."

மறுநாள் குருத்து ஞாயிறு. தள்ளுவதற்குத் தயாராக அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா சாவியைத் திருப்பினார். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. நான் கை தட்டினேன். அண்ணாச்சி, "வே, லீக்கேஜு அடைஞ்சிட்டே" என்றார். அப்பா சாவியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன நினைத்தாரோ, இன்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடியும் கிளம்பியது. போகலாம் என்று அம்மா சொன்ன பிறகுதான் கியர் போட்டார்.

மாலையில் அவர் பேட்டரியைக் கழற்றி, மாமாவின் முடிச்சை அவிழ்த்துத் தன் முடிச்சைப் போட்டு, வழக்கம்போல சார்ஜில் மாட்டினார். அது நிறைந்துதானே இருக்கிறது என்று சொன்னேன். தெரியும் என்றார்.

திங்கட்கிழமை அவர் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்தியதும், அம்மாவின் காதில் விழாமல் என்னிடம் கேட்டார்.

"அத்தை வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன எடுத்துட்டுப் போனாங்க?"

"ஒண்ணுமில்லப்பா. காலிக் கூடைதான்."

அப்பா தலையை ஆட்டிவிட்டு, சட்டையைக் கழற்றாமலே கொட்டகைக்குள் போய்க் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏன் அவர் முகம் அப்படி ஆனது என்று எனக்கு விளங்கவே இல்லை. பேட்டரி பத்திரமாக வண்டியிலேயே இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்படுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.