முழுகாமல் இருந்தவளுக்கு ஓர் அறை

இதை எழுத வேண்டும் என்று நினைத்தும் எழுதாமலும் சில வருடங்கள் போய்விட்டன. நான் அதிகம் படித்தவன் அல்லன். எட்டாம் வகுப்போடு சண்டையால் இடப்பெயர்வு வந்தது. அதற்குப் பிறகு என் படிப்பு முறையாக நடக்கவில்லை. எழுத்துப் பிழைக்குப் பயந்துதான் இவ்வளவு காலமும் எழுதவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. மற்றப் பாதி, இதில் வரும் ஓர் அக்கா. அவர் மனம் நோகக் கூடாது. என் மனைவிக்கு நடந்ததை மறைக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

பரந்தனுக்குக் கிட்ட எங்களுக்கு வயற்காணி இருந்தது. என் தகப்பனார் குடாநாட்டிலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டித் திருத்திய காணி. கலியாணம் செய்து கனகாலமாக எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு வைகாசிப் பொங்கலுக்கும் அம்மனுக்குப் பாற்செம்பு எடுத்தேன். மனைவி கிளிநொச்சியில் முதியோரைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். அந்த அனுபவத்தை வைத்து லண்டனில் அதே மாதிரி ஒரு வேலை அவளுக்குக் கிடைத்தது. விசா அவளுடைய வேலைக்கு. நான் அவளுடைய கணவன் என்ற முறையில் கூடப் போனேன். அவள் வேலையை விட்டால் இரண்டு பேரும் திரும்ப வேண்டியதுதான். காணியை விற்றுவிட்டுத்தான் போனோம்.

லண்டன் என்று நாங்கள் சொன்னாலும் அது நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய ஊர். எங்களுக்கு முன்னால் போன ஒருவர் சொல்லி, ஒரு தமிழ் வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அக்கா குடாநாட்டிலிருந்து சின்ன வயதில் அங்கே போனவர். கதவைத் திறந்ததும் கற்பூர வாசம் வந்தது. கீழே ஓர் அறையை முழுதாகச் சாமியறையாக வைத்திருந்தார். அந்த நாட்டில், அந்தக் குளிரில், எங்கள் ஊர்க் கோயிலுக்குள் நுழைந்தது போல இருந்தது. பயணம் முழுக்க ஒரு சொல் பேசாமல் வந்த என் மனைவி, அந்த வாசலில் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள்.

“வெள்ளி செவ்வாய் மச்சம் மாமிசம் இல்லை, தம்பி. முழுகாமல் குசினிக்குள்ள வரக்கூடாது. மற்றும்படி உங்கட வீடு மாதிரி இருங்கோ,” என்றார் அக்கா.

“நாங்களும் அப்பிடித்தான் அக்கா,” என்றேன். உண்மையாகவே நாங்களும் அப்படித்தான்.

அக்காவுக்கு ஒரே மகள், பல்கலைக்கழக வயது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமையில் பல நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்து வருவாள். மற்ற நேரமெல்லாம் மேல் அறையில் படுத்திருப்பாள். தமிழை உடைத்து உடைத்துக் கதைப்பாள். அக்கா பிடிக்கிற விரதமெல்லாம் அவளுக்காகத்தான். அதிலும் புரட்டாதியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடியும் கௌரி விரதத்தை உயிராக வைத்திருந்தார்.

போன முதல் வருடத்திலேயே அம்மன் கண் திறந்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்கியவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றுதான் சொல்வோம். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். மனைவி குசினி வாசலில் நின்று, முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அக்கா, முழுகாமல் குசினிக்குள்ள வரக்கூடாது எண்டனீங்கள். முழுகாமல் இருக்கிறவை வரலாமோ?”

அக்காவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். “அடி கள்ளி! இதை உப்பிடியோ சொல்லுறது?” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். தமிழ்க் கடையில் தேடிப் புளிமாங்காய் வாங்கி வந்தார். மகளும் மேலேயிருந்து மெதுவாக இறங்கி வந்து, இன்னும் வெளியே தெரியாத வயிற்றில் கை வைத்து, “பேபி என்ன செய்யுது?” என்று கேட்டாள். “நித்திரை கொள்ளுது, உம்மை மாதிரி,” என்றாள் என் மனைவி. அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்கவில்லை.

சில கிழமைக்குப் பிறகு அக்கா அடுப்படியில் நின்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

“எந்த மாதமெண்டு சொன்னவை, தங்கச்சி?”

“ஒக்டோபர் கடைசியாம் அக்கா. எங்கட ஐப்பசி.”

அக்கா அடுப்பை நிறுத்தினார். கறி வேகவில்லை. எனக்கு அது அப்போதே விளங்கியது; மனைவிக்கு விளங்கவில்லை.

பிள்ளை பிறந்தால் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தொரு நாள் கழியும்வரை அந்த வீட்டில் விளக்குக் கொளுத்த மாட்டோம், விரதம் இருக்க மாட்டோம். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரே வாசல், ஒரே குசினி உள்ள வீட்டில் பிள்ளை பிறந்தால், அக்காவின் கௌரி விரதம் நடுவில் முறிந்துவிடும்.

இரண்டு நாள் அக்கா எங்களோடு கதைக்கவில்லை. பிறகு சாமியறை வாசலில் எங்களை இருத்தினார். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது.

“தம்பி, நான் பாவி எண்டு நினைக்காதேங்கோ. அந்த நேரம் மட்டும் வேற இடம் பாருங்கோ. துடக்குக் கழிச்சுப்போட்டு வாங்கோ, இதே அறையைத் தாறன். உவள் மேல கிடக்கிறாள். இந்த விரதத்திலதான் நான் அவளைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்.”

“அக்கா,” என்றாள் மனைவி, “என்ர அண்ணி பங்கருக்குள்ள பிள்ளை பெத்தவா. மேல ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அந்தப் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவா. எல்லாரும் ஒரே தறப்பாளுக்குக் கீழதான் கிடந்தனாங்கள். அப்ப ஆர் துடக்குப் பாத்தது?”

“அங்க கடவுள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், பிள்ளை. இஞ்ச நான் அவரைக் கண் திறக்கச் சொல்லி மண்டாடிக்கொண்டு இருக்கிறன்,” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்கோ தம்பி. ஊரில உங்கட வீட்டில விரதம் நடக்கேக்க, வாடகைக்கு இருக்கிறவை பிள்ளை பெறப் போகினம் எண்டால் என்ன செய்வியள்?”

என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அறைக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: “நீங்கள் அவவின்ர பக்கம். நானும் என்ர வயித்தில இருக்கிறதும் ஒரு பக்கம்.”

அன்று முதல் வீடு தேடினோம். ஐப்பசிக்கு முன் ஓர் அறை. கதவு இருந்தால் போதும் என்ற நிலை. போனில் ஒரு தமிழ் ஆள், “எத்தினை பேர்?” என்றார். “ரெண்டு பேர்,” என்றேன்.

“மூண்டெண்டு சொல்லுங்கோ,” என்று மனைவி பின்னாலிருந்து கத்தினாள். “பேந்து தொட்டிலைக் கண்டிட்டு ஆர் உள்ளுக்க படுத்திருக்கிறதெண்டு கேக்கப் போறார்.”

அது அவருக்குக் கேட்டுவிட்டது. “பிள்ளைத்தாச்சியோ? கோவியாதேங்கோ தம்பி. மற்ற அறையளில இரவு வேலைக்காரர் பகலில படுக்கினம். பிள்ளை அழுதால் அவங்கள் எழும்பிப் போயிடுவாங்கள்.” அவரைப் பிழை சொல்லவும் முடியாது.

வெள்ளைக்காரரின் வீட்டு முகவரிடம் போனால், அந்த நாட்டில் சொந்த வீடுள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த சொந்த வீட்டுக்காரர் அக்கா ஒருவர்தான். கேட்டதும் ஓமென்றார். தானே கோட்டைப் போட்டுக்கொண்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் என் மனைவிக்கு இருக்கை பிடித்துக் கொடுத்து, பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். மகளைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவர் என்பதால் அவருடைய பிணை செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

கோழி பொரிக்கும் கடைக்கு மேலே ஓர் அறை பார்த்தோம். சுவர் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. பொரிக்கும் மணத்தில் மனைவி படியிலேயே சத்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டு, “இது காணும், எடுங்கோ,” என்றாள். திரும்பிப் போய்ச் சொல்வதற்குள் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட அறைக்காகவும் அவள் அழுதாள்.

கடைசி நம்பிக்கையாக, அங்குள்ள கோயில் ஐயரிடம் போனேன். பிள்ளை பிறப்பது ஆஸ்பத்திரியில், அக்காவும் எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஆகவே அந்த வீட்டுக்குத் துடக்கில்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் அக்கா கேட்பார் என்று நினைத்தேன்.

“நான் சொல்லலாம்,” என்றார் ஐயர். “சொன்னால் அவா கேப்பா. நாளைக்கு அவாவின்ர பெட்டைப்பிள்ளைக்கு ஏதும் நடந்தால், ஐயர் சொல்லித்தானே விட்டனான் எண்டு அவா வாழ்நாள் முழுக்க நினைப்பா. அதை நீர் சுமப்பீரோ, நான் சுமக்கிறதோ?”

விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வயிறு பெருத்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் மனைவி வேலையை விட்டாள். அதோடு விசாவும் போனது. “இஞ்ச ரோட்டில பெறுறதை விட அங்க போய்ப் பெறுறன்,” என்றாள். அவள் வெளிக்கிட்ட அன்று நல்ல வெயில். அக்கா வாசல்வரை வந்து, அழுதுகொண்டே அவள் நெற்றியில் விபூதி பூசினார். மனைவி அதை அழிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மகளுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் பெரிய வீட்டுக்குப் போகிறோம் என்று அக்கா சொல்லி வைத்திருந்தார். “பேபி வந்தா வீடியோ அனுப்புங்கோ,” என்று மேல் ஜன்னலில் நின்று கை காட்டினாள்.

அவளுக்குப் பின்னால் சில நாளில் நானும் ஊருக்கு வந்துவிட்டேன். பெண்பிள்ளை வவுனியாவில் சுகமாகப் பிறந்தது. பரந்தனில் போக இடம் இல்லை, காணி போய்விட்டது. நெளுக்குளத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்காரர் வேதக்காரர், கிறிஸ்தவர்; துடக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் வயல்களில் கூலிக்குப் போகிறேன். மனைவி கோயிலுக்கு வருவதில்லை. பின்னேரம் விளக்குக் கொளுத்தும்போது கூப்பிட்டால், “உங்கட சாமிக்கு நீங்களே கொளுத்துங்கோ,” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குச் சோறு தீத்துவாள்.

பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில் அக்கா போன் எடுத்தார். மகள் போய்விட்டாள்.

“விரதம் ஒண்டும் விடேல்லைத் தம்பி,” என்றார். “ஒரு நாளும் விடேல்லை. நான் என்ன பிழை விட்டனான் எண்டு தெரியேல்லை.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மனைவி போனைப் பறித்து, “அக்கா,” என்றாள். அதற்குமேல் அழுகைதான் இரண்டு பக்கமும். எங்கள் பிள்ளை இடையில் ஏதோ கத்தியது அவருக்கும் கேட்டிருக்கும். செத்தவீட்டுத் துடக்கில் அந்தச் சாமியறையும் அன்று மூடித்தான் கிடந்திருக்கும்.

இந்தச் செய்தி ஊரில் பரவியதும் சனம் வேறு விதமாகக் கதைக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அம்மா வேலியில் நின்று, “பாத்தியளே! முழுகாமல் இருந்தவளை வீட்டை விட்டுக் கலைச்சால் அம்மன் சும்மா விடுவாவே?” என்றார். எனக்கு ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். பரந்தன் பஸ்ஸில் ஒருநாள் முன் இருக்கையில் இரண்டு பேர் எங்கள் கதையையே கதைத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்காரி பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்தாளாம், பிள்ளைத்தாச்சி பனிக்குள் நின்றாளாம், அப்போது விட்ட சாபம்தானாம். ஆவணியில் அங்கே ஏது பனி? நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த தரிப்புவரை அப்படியே இருந்தேன்.

எங்களுக்காக ஒரு பெட்டையின் உயிரை எடுத்து நியாயம் செய்கிறவள் அம்மன் என்றால், அவளை நான் கும்பிட முடியாது. அப்படிச் செய்யாதவள் என்றால், அந்தத் தாய் பட்டினி கிடந்து கேட்டது அவள் காதில் விழவில்லை. எப்படி யோசித்தாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கிறேன். மூன்றாவது ஒன்றை எனக்குச் சொல்லித் தர ஒருவரும் இல்லை. விளக்கை மட்டும் இன்னும் கொளுத்துகிறேன். அது பக்தியா, கைப்பழக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். ஐப்பசிக்கு முன் எங்களுக்கு ஓர் அறை கிடைக்கவில்லை என்பதை விட்டுவிடாதீர்கள். எங்களைப் போகச் சொன்னவர்தான் எங்களுக்குப் பிணை நிற்கவும் பஸ் ஏறி வந்தார், அதையும் விட்டுவிடாதீர்கள். பனியைச் சேர்க்காதீர்கள், சாபத்தைச் சேர்க்காதீர்கள். என் மனைவி யாரையும் சபிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் சாவு எங்களுக்குக் கிடைத்த நியாயம் என்று மட்டும் ஒருவரும் சொல்ல வேண்டாம்.