அண்ணை செய்த மென்பொருளை லாசாலில் விற்றது

பிரிண்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பிரிண்டர் விற்றவனை விட்டுவிட்டு மென்பொருள் விற்றவனைத்தான் பிடித்து உலுக்குவார்கள். எங்கள் தொழில் அப்படிப்பட்டது.

கோயில் நோட்டீஸ்

கோயில் செயலாளர் ராசையா மொன்றியலின் லாசால் பகுதியில் நான் வேலை செய்கிற கம்ப்யூட்டர் கடைக்குள் வந்து கத்திக்கொண்டு நிற்கிறார். கையில் தேர்த் திருவிழா நோட்டீஸ் ஒரு கட்டு. கடிதம், அட்டவணை எல்லாம் செய்ய நாங்கள் விற்ற ஜெர்மன் மென்பொருள் ஐரோப்பியத் தாள் அளவில் பக்கத்தை அமைத்துவிட்டது. அந்தத் தாள் இங்கத்தையதைவிட நீளம். பிரிண்டர் அந்தத் தாளைக் கேட்டு விளக்கை மினுக்கியிருக்கிறது. மனுசன் கிடந்த பொத்தானை எல்லாம் அமத்தி இங்கத்தைய தாளிலேயே அச்சடித்து, ஊர் முழுக்கக் கொடுத்தும் முடித்துவிட்டார். அடி வரி வெட்டுப்பட்டுப் போயிற்று. அன்னதான மண்டபத்தின் விலாசம் இருந்ததே அந்த வரியில்தான்.

அவரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு நான் ஏன் நின்றேன் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவனுக்கு வேறு யார் வேலை தருகிறார்கள்? அது ஒன்று. மற்றது, அந்த மென்பொருளைச் செய்கிற கம்பனியில்தான் என் அண்ணை வேலை. யுத்தத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவர் ஜெர்மனியில் தங்கிவிட்டார், அம்மாவும் நானும் இங்கே வந்து சேர்ந்தோம். அப்போது எனக்கு ஏழு வயது. இப்போது அவரைத் தொலைபேசியில் மட்டும்தான் தெரியும். மொன்றியலில் நன்றாக விற்றால் இங்கே ஒரு கிளை திறந்து அவரை அனுப்புவதாக அவருடைய முதலாளி சொல்லியிருந்தார். ஒரு மென்பொருள் பெட்டி விற்றால் அண்ணை கொஞ்சம் கிட்ட வருகிறார் என்பதுதான் என் கணக்கு.

ராசையா போகும்போது சொன்னார்: "சனம் எல்லாம் வெளிக்கிட்டு வந்ததடா தம்பி, எங்க வந்தது எண்டுதான் அதுகளுக்கே தெரியேல்லை!"

பாரிஸ் பிரெஞ்சு

ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகம். அங்கே செயலாளராக இருக்கும் ஜோசியான் என்ற அம்மாவுக்கு மென்பொருளைக் காட்டப் போனேன். அமெரிக்கர்களுடைய மென்பொருளைப் பிடிக்காது என்று அவவே சொன்னா. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இந்தப் பெட்டி போனமாதிரித்தான் என்று நினைத்தேன்.

திரையில் பிரெஞ்சு வந்தது. பாரிஸில் யாரோ மொழிபெயர்த்த பிரெஞ்சு. சனி ஞாயிறுக்கு ஆங்கிலச் சொல், மின்னஞ்சலுக்கும் ஆங்கிலச் சொல். அவவின் பழைய அமெரிக்க மென்பொருளிலோ கெபெக்காரர், இங்கத்தைய பிரெஞ்சுச் சனம், வீட்டில் கதைக்கிற சொல்லே இருந்தது. திரும்பி வரும்போது மஞ்சள் பாதை மெத்ரோ ரயில் ஆற்றுக்கு அடியால் போயிற்று. தலைக்கு மேலே ஆறு ஓடுகிறது என்று அண்ணைக்குக் காட்டவேண்டும், அவர் நம்பமாட்டார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜோசியான் பிரெஞ்சில் சொன்னது இதுதான்: "அமெரிக்கன் எங்கட வாயைப் பார்த்துப் படிச்சிருக்கிறான், உன்ர ஆக்கள் எங்களைத் திருத்த வந்திருக்கினம்."

டோர்வல் சாப்பாடு

எங்களுக்குத் தெரிந்த குகன் அண்ணை டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் மேற்பார்வை. பாவம், எனக்காகவே வாங்கினார். விமானக் கம்பனிகள் அனுப்பும் சாப்பாட்டு அட்டவணை எல்லாம் அமெரிக்க மென்பொருளில் செய்தது. எங்களுடையதில் திறந்தால் ஒரு கட்டத்தில் இருந்தது பக்கத்துக் கட்டத்துக்குத் தாவிவிடும். சைவக்காரர் நிரைக்குள் கோழி போய்விட்டது. நல்ல காலம், விமானம் ஏறமுதல் ஒருவர் கண்டுவிட்டார்.

நான் ஜெர்மனியில் இருக்கும் என் அண்ணையிடம் கேட்டேன். தாவாமல் திறப்பதற்காகவே அங்கே ஒரு கூட்டம் இரவு பகலாக வேலை செய்கிறதாம். அவர்கள் சரிப்படுத்தி முடிக்க, அமெரிக்கர் புதுப் பதிப்பு விட்டுவிடுவார்களாம்.

குகன் அண்ணை என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்கட சாமான் திறம்தான் தம்பி, ஆனா எனக்கு வாறதெல்லாம் மற்றவையிட்ட இருந்தெல்லோ வருது."

சும்மா கிடைத்தது

பலசரக்குக் கடை வைத்திருக்கும் பவளம் அக்காவிடம் விலையைச் சொன்னேன். அமெரிக்க மென்பொருளின் விலையில் பாதிகூட இல்லை. அவ மேசை லாச்சியைத் திறந்து ஒரு சீடியை எடுத்துக் காட்டினா. மச்சான் ஒருவர் கொப்பி அடித்துக் கொடுத்ததாம். நம் ஆட்களிடம் இது கல்யாண வீட்டுப் பலகாரம் மாதிரி, வீட்டுக்கு வீடு போகும். அமெரிக்கர்களோடு விலையில் போட்டி போடலாம். மச்சானோடு எப்படிப் போடுவது?

"களவெடுத்தது சும்மா கிடைக்கேக்க, காசு குடுத்து ஏன்ரா நான் கஷ்டப்படோணும்?"

ஜெர்மனியில் இருந்து வந்தது

ஒருநாள் அண்ணையின் கம்பனி புது விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பியது. திறந்தேன். அமெரிக்க மென்பொருளில் செய்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே அண்ணைக்குத் தொலைபேசி அடித்தேன். அவர் சொன்னார்: "டேய், எங்கடயில அனுப்பினா வாங்கிறவை திறக்கினமில்லை. நாங்களும் என்ன செய்யிறது?"

பிறகு, அம்மா சாப்பிட்டாவா என்று கேட்டார். கிளையைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் கடை முதலாளி சிவநேசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர். "மிஞ்சின பெட்டியளைக் கட்டு. விக்கேல்லை, நிப்பாட்டுறம் எண்டு இண்டைக்கே ஜெர்மனிக்கு எழுதிப் போடு."

ஒரு வாடிக்கையாளரும் என் பேச்சைக் கேட்காத தொழிலில், நான் மட்டும் அவருடைய பேச்சைக் கேட்பேன் என்று மனுசன் எப்படித்தான் நம்பினாரோ. ஜெர்மனிக்கு நான் எழுதவில்லை; பெட்டிகள் இன்றைக்கும் கடையின் கண்ணாடி ஜன்னலில்தான் நிற்கின்றன.