பதில் வராத பக்கம்

கிள்ளானில் நான் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நிலையத்தில்தான் இரண்டு மாதத்துக்கு முன் அவரைப் பார்த்தேன். நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் புது கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்ய வந்தவர். பிளக் என் நாற்காலிப் பக்கம் இருந்ததால் அங்கேயே உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. பேரைக் கேட்க எனக்குக் கூச்சம்.

மேனேஜர் வந்து நின்றார். "புரோகிராம் எழுத எந்த ஃபிரேம்வொர்க் எடுக்கிற? அந்தப் புதுசுதானே? சீக்கிரம் முடியும்லா."

"பாஸ், அத எடுத்தவங்க நெட்டுல புகார் எழுதுற பக்கத்தப் பாருங்க. சேத்து வச்ச விவரம் காணாமப் போகுதுன்னு எத்தன பேரு எழுதியிருக்காங்க! ஒருத்தருக்கும் பதில் இல்ல. செஞ்சவனே கைவிட்டுட்டான் போல. பழசுல வேல மெதுவாத்தான் நடக்கும், ஆனா நம்பலாம்."

"அடுத்த வாரம் நம்ம தொகுதி ஒய்.பி. வந்து தொடக்கி வைக்கிறாரு. அவருகிட்ட நீ போய் மெதுவாத்தான் நடக்கும்னு சொல்றியா?"

அவர் நகத்தைக் கடித்தார். பிறகு புதுசையே எடுத்தார். மேனேஜர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஆன்டி, ஒத்துக்காத மருந்து ஏதும் இருக்கா?"

"பென்சிலின், தம்பி."

"ஊசி போட வந்தா வாயத் திறந்து சொல்லிடுங்க. கூச்சப்படாதீங்க."

நேற்று காய்ச்சலுக்கு ஊசியோடு வந்த நர்ஸிடம் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள்.

"இதுல அப்படி ஒன்னும் இல்லையே ஆன்டி."

"போன மாசம் நீங்கதானே மிஸ்ஸி பதிஞ்சீங்க?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

எதிர் நாற்காலியில், பக்கவாதத்தில் பேச்சுப் போன பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்காக யார் வாயைத் திறப்பது என்று அந்தத் தம்பியைக் கேட்க வேண்டும் போலிருந்தது.