எண்ணெய் குடித்த கம்பிகள்

காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு லாஸ்பேட்டையின் அந்தக் கிட்டார் ரிப்பேர் கடைதான் நினைவுக்கு வருகிறது. என் எலக்ட்ரிக் கிட்டாரை விற்றுவிடத்தான் தூக்கிக்கொண்டு போனேன். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கிய சத்தம். ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தேன். கடைசியில் என் விரல்கள்தான் செத்துவிட்டன என்று முடிவுகட்டி, நண்பர்களோடு வாசிப்பதையே நிறுத்திவிட்டேன்.

கடைக்கார அம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். கம்பியைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

“இன்னா சார் தடவுறீங்க இதுல?”

“தேங்காயெண்ணெய். கடல் காத்துல துரு புடிக்குதேன்னு, புதுக் கம்பி போட்ட அன்னிக்கே தடவிடுவேன், அப்புறம் வாராவாரம். வாசல் கேட் தாழ்ப்பாளுக்கும் அதான்.”

“தலை சீவி பூ வெக்கலியா?”

தடித்த கம்பி ஒன்றை மட்டும் கழற்றினார். அதன் சுற்றுகளுக்குள் எண்ணெயும் தூசியும் மெழுகாய் அடைந்திருந்தன. புதியதை மாட்டி, கடை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து என் கையில் கொடுத்தார்.

மீட்டினேன். உடம்பு தூக்கிப்போட்டது. மேசை, சுவர், என் பல் எல்லாம் அதிர்ந்தன. பக்கத்துப் பழைய கம்பியை மீட்டினேன், அதே போர்வை. மறுபடி புதியது. இரண்டையும் தொட்டது ஒரே விரல். இத்தனை வருடம் இதையா திட்டினேன்? நானேதானா ஞாயிறுதோறும் கிட்டாரை மடியில் கிடத்தி, அவ்வளவு அன்பாக, அதன் குரலை அடைத்தேன்?

மற்ற ஐந்தையும் மாற்றினார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது வாசலுக்கு வந்தார்.

“விக்கணும்னு வந்தீங்களே?”

“இல்லம்மா, எடுத்துட்டுப் போறேன்.”

“வாசிச்சதும் காஞ்ச துணியால தொடைங்க, போதும். எண்ணெய உங்க தலைக்கு வெச்சிக்குங்க, அங்க இன்னும் நாலு முடி இருக்கு.”